நியூட்ரான் சிதறல்: ரெசல்யூஷன் சேர்த்ததும் உருண்டைகள் எல்லாம் ஒரே அளவாகிவிட்டன!

காலாப்பட்டு மாணவி:
புதுச்சேரியில் ஆராய்ச்சி செய்கிறேன். கனநீரில் கலந்த சிலிக்கா நானோ உருண்டைகளை மும்பை டிராம்பேயிலுள்ள துருவா அணு உலையில் சிறுகோண நியூட்ரான் சிதறலில் (சின்னக் கோணங்களில் சிதறும் நியூட்ரான்களை எண்ணி அளவைக் கண்டுபிடிக்கும் முறை) அளந்து வந்தேன். அலைநீளம் 5.2 ஆங்ஸ்ட்ராம், பரவல் 15%. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆரம் 200 ஆங்ஸ்ட்ராம், அளவு வேறுபாடு 7%. ரெசல்யூஷன் (கருவியே உண்டாக்கும் மழுக்கல்) சேர்க்காமல் ஃபிட் செய்தால், அதாவது கணக்குக் கோட்டைத் தரவோடு பொருத்தினால், வேறுபாடு 12% வருகிறது. 0.15 என்று சேர்த்தால் சுழியத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது, அப்போதும் ஃபிட் கோட்டில் சிதறல் குறையும் பள்ளம் தரவைவிட மழுங்கலாகவே நிற்கிறது. எதை நம்புவது? இரண்டு வாரமாக இதிலேயே நிற்கிறேன்.

வில்லியனூர்:
பின்னணியைக் கழித்தீர்களா? கொஞ்சம் சாதாரண நீர் கலந்திருந்தாலும் ஹைட்ரஜன் சிதறல் பள்ளத்தை நிரப்பிவிடும்.

காலாப்பட்டு மாணவி:
கழித்துவிட்டேன் அண்ணா. பெரிய கோணங்களில் வரும் வால் பகுதி தட்டையாகத்தான் இருக்கிறது.

முதுநகர்:
அந்த 0.15-ஐப் பாரும்மா. 15% என்பது பாதி உயரத்தில் எடுத்த முழு அகலம். மென்பொருள் கேட்பது பெரும்பாலும் சிக்மா (திட்ட விலக்கம்). முக்கோணப் பரவல் என்றால் 15-ஐ 2.45-ஆல் வகுக்க வேண்டும்; சுமார் 6% வரும். நீ இரண்டரை மடங்கு மழுக்கியிருக்கிறாய். 12-க்குள் 15-ஐ எங்கே கொள்ள முடியும்? அதனால்தான் சுழியம்.

உருண்டையின் பள்ளம் ஆரத்தை அலைநீளத்தால் வகுத்த விகிதத்தைப் பொறுத்தது. அதனால் அலைநீளம் பரவினாலும் ஆரம் பரவினாலும் பள்ளம் ஒரே மாதிரிதான் மழுங்கும். வர்க்கங்களைக் கழித்தால் 12-லிருந்து 6 போய் 10.4 மிஞ்சும். உன் 7-க்கு மேல் இருப்பது கொலிமேஷனும் (கற்றையைக் குறுக்கும் துளைகளால் மிஞ்சும் கோணப் பரவல்) டிடெக்டர் பிக்சலும். இவற்றின் மழுக்கல் கியூ அளவில் (சிதறல் கோணத்தையும் அலைநீளத்தையும் சேர்த்துச் சொல்லும் எண்) ஏறக்குறைய மாறாதது. முதல் பள்ளம் கியூ 0.0225-இல், இரண்டாவது 0.0386-இல் (ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கு). முதலாவது அதிகமாக மழுங்கியிருந்தால் கொலிமேஷன்தான் காரணம். இரண்டும் ஒரே விகிதத்தில் மழுங்கினால் அலைநீளமோ ஆரமோ. அப்புறம், அதே சாம்பிளை எக்ஸ்-ரேயில் ஒருமுறை போடு. செம்புக் கதிரில் அலைநீளப் பரவல் பெயருக்குத்தான். அங்கே தெரியும் அகலம் பெரும்பாலும் உருண்டைகளுடையது.

காலாப்பட்டு மாணவி:
0.061 போட்டேன், 10.3 வந்தது! முதல் பள்ளம்தான் அதிகம் மழுங்கியிருக்கிறது. கொலிமேஷன் துளைகளின் அளவுகளைக் கேட்டு எழுதியிருக்கிறேன். பழைய மூன்று சாம்பிளையும் இன்று ராத்திரியே மறுபடி ஃபிட் செய்யப் போகிறேன். ரொம்ப நன்றி ஐயா.