காலனி வருகிறது, நானாக் வரவில்லை: ஐபிஎஸ் செல் உதவி தேவை

டர்பன் மாணவன்:
வணக்கம். உடலின் எந்தச் செல்லாகவும் மாறவல்ல ஐபிஎஸ் செல்லை உருவாக்க, மனிதத் தோல் ஃபைப்ரோபிளாஸ்ட்டில் (இணைப்புத் திசுச் செல்) ரெட்ரோவைரஸ் வழியாக ஆக்ட்4, சாக்ஸ்2, கேஎல்எஃப்4, சி-மிக் ஆகிய நான்கு மறுநிரலாக்க ஜீன்களையும், பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி புரதத்தின் ஜீனோடு சேர்த்துச் செலுத்துகிறோம். காலனிகள் (செல் கூட்டங்கள்) ஏராளம். ஸ்டெம் செல்லைக் காட்டும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் சாயமும் பிடிக்கிறது. ஆனால் முழுதாக மாறிய செல்லின் அடையாளங்களான நானாக் இல்லை, டிரா-1-60 இல்லை, ஜிஎஃப்பி இன்னும் பச்சையாக மின்னுகிறது. பேசேஜ் செய்தால் (பிரித்துப் புதுத் தட்டில் வளர்த்தால்) கலைந்துவிடுகிறது. லோட்ஷெட்டிங் (சுழற்சி மின்வெட்டு) நேரத்தில் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் இன்குபேட்டர் சூடு இறங்கியதுண்டு. அதுதான் காரணமா?

சாட்ஸ்வொர்த் அக்கா:
தம்பி, இதற்கும் லோட்ஷெட்டிங்கா! செல் வளர்ப்பில் தொற்றும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவை மட்டும் ஒருமுறை சோதித்துவிடு. மற்றபடி இது பாதியில் நின்ற மறுநிரலாக்கம். ஜிஎஃப்பி அணையாததுதான் துப்பு: முழுதாக மாறிய செல் வைரஸ் ஜீன்களைத் தானே அடக்கிவிடும். பாஸ்பட்டேஸ் சாயம் பாதி மாறிய செல்லிலும் ஏறும், அதை நம்பாதே.

உள்ளே நடப்பது இதுதான். செல்லின் சொந்த ஆக்ட்4, நானாக் ஜீன்களின் புரோமோட்டர்களில் (ஜீனை இயக்கும் பகுதி) அவற்றை அணைத்து வைக்கும் மெத்தில் குறிகள் அப்படியே இருக்கின்றன. டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் எச்3 புரதத்தின் 9ஆம் லைசினில் மூன்று மெத்தில் ஏறிய பகுதிகள் இறுகிக் கிடப்பதால் நீ செலுத்திய புரதங்கள் அங்கே ஒட்டவே முடியாது. ஃபைப்ரோபிளாஸ்ட் ஜீன்களும் முழுதாக அணைந்திருக்காது. பழைய குடித்தனக்காரர் காலி செய்யாத வீட்டில் புதியவர் சாமான் இறக்கிய கதை. டிஎன்ஏவில் மெத்தில் குறி இருக்கும் இடங்களைக் காட்டும் பைசல்ஃபைட் சீக்வென்சிங் செய்தால் தெரிந்துவிடும்.

சி-மிக்கையும் குறை. அது காலனியைப் பெருக்கிக் காட்டும், பல போலி. 2008-இல் அதை விட்டுச் செய்தவர்களுக்குக் காலனி குறைந்தது, ஆனால் வந்தவை பெரும்பாலும் சரியானவை.

ஜோபர்க் வாசி:
டிஎன்ஏவில் மெத்தில் ஏறுவதைத் தடுக்கும் அசாசைட்டிடின் மருந்தைப் போட்டால் மெத்தில் இறங்குமே? அதே 2008-இல் பாதி மாறிய எலிச் செல்களை அது முழுதாக மாற்றியது.

சாட்ஸ்வொர்த் அக்கா:
மாற்றியது, சரி. ஆனால் சீக்கிரம் போட்டால் இன்னும் மாறாத செல்கள் செத்துப்போகும். நானாக இருந்தால் முதலில் வைட்டமின் சிதான். டிஎன்ஏவின் மெத்திலை நீக்க உதவும் டெட் நொதிகளுக்கும் ஹிஸ்டோன் மெத்திலை நீக்கும் நொதிகளுக்கும் அது கைகொடுக்கும், விலையும் மலிவு.

டர்பன் மாணவன்:
நன்றி அக்கா. எவ்வளவு சேர்க்கலாம்?

சாட்ஸ்வொர்த் அக்கா:
மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் வழக்கம். முதலில் உன் மீடியத்தின் லேபிளைப் பார், எசென்ஷியல் 8 போன்ற ஸ்டெம் செல் மீடியங்களில் ஏற்கெனவே இருக்கும். கரைசலைப் புதிதாகக் கலக்கு, சீக்கிரம் ஆக்சிஜனேறிப் போய்விடும். அப்புறம், இப்போதுள்ள காலனிகளைத் தூக்கிப் போடாதே. பைசல்ஃபைட் ஒப்பீட்டுக்கு அவைதான் வேண்டும்.