சைக்கலாஜிக்கல் சேஃப்டி: ‘சொற்பொறை’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

செவிலியர் பயிற்சிக் கையேட்டுக்காக ‘சைக்கலாஜிக்கல் சேஃப்டி’க்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். இதுவரை வந்தவை: உளவியல் பாதுகாப்பு, மனப்பாதுகாப்பு, அச்சமின்மை, அவையஞ்சாமை. ஒருவர் ‘பேச்சுரிமை’ என்றும் எழுதியிருந்தார். அது ஏற்கெனவே அரசியல் சட்டத்தில் குடியிருக்கிறது, விட்டுவிடலாம்.

> உளவியல் பாதுகாப்பு என்றே வைத்துக்கொண்டால் என்ன? சொல்லுக்குச் சொல் பொருந்துகிறதே.

பொருந்துகிறதுதான் ஐயா. ஆனால் வார்டில் வேலை பார்ப்பவர் இதைப் படித்தால், மனநல ஆலோசகரிடம் அனுப்பப் போகிறார்கள் என்றுதான் நினைப்பார். இந்தக் கருத்தைப் பரவலாக்கிய ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1999-இல் எழுதிய கட்டுரையில் இதற்குத் தரும் பொருள் வேறு. தெரியாததைக் கேட்டாலோ, தப்பு நடந்ததைச் சொன்னாலோ, மேலே இருப்பவரை மறுத்துப் பேசினாலோ இந்தக் குழுவில் நமக்கு ஒன்றும் ஆகிவிடாது என்று அந்தக் குழுவினர் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் நம்பிக்கை. ‘பொதுவாக’ என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். இது தனி ஒருவரின் மனநிலை இல்லை, குழுவின் குணம்.

> வள்ளுவர் ஓர் அதிகாரமே தந்த ‘அவையஞ்சாமை’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

அழகான சொல், ஆனால் வேறு ஆளைப் பற்றியது. அவையஞ்சாமை பேசுபவரின் திறம். அவர் கற்றவர், கற்றதை நாலு பேர் முன்னால் நடுங்காமல் எடுத்து வைக்கிறார். நமக்கு வேண்டிய இடத்தில் பேசுபவர் பயந்தாங்கொள்ளியாகவே இருக்கலாம், நேற்று வேலைக்குச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். அவரும் “டாக்டர், கேஸ் ஷீட்டில் டோஸ் வேற மாதிரி இருக்கே” என்று கேட்டுவிட முடிகிறதா என்பதுதான் கேள்வி. ‘அச்சமின்மை’யும் இதே காரணத்தால் விழுந்துவிடுகிறது. தைரியத்தை ஊழியரின் தலையில் கட்டிவிட்டு நிர்வாகம் கை கழுவிக்கொள்ள அது வசதியான சொல்.

பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி சொல்லும் ஒரு விபத்து இருக்கிறது. 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகருக்கு வந்த யுனைடெட் 173 விமானத்தில் தரையிறங்கு சக்கரத்தில் கோளாறு. கேப்டனின் கவனமெல்லாம் அதிலேயே இருக்க, விமானம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வானில் சுற்றியது. இன்னும் கால் மணி நேரம் போனால் எரிபொருள் ரொம்பக் குறைந்துவிடும் என்று விமானப் பொறியாளர் சொல்லவும் செய்தார். கடைசியில் எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நின்று, விமானம் ஊருக்குள்ளேயே விழுந்தது. இருந்த 189 பேரில் 10 பேர் இறந்தார்கள். விசாரணை அறிக்கை முதலில் கேப்டனைக் குறை சொன்னது: எரிபொருளைக் கவனிக்கவில்லை, உடனிருந்தவர்கள் சொன்னதற்கும் செவிசாய்க்கவில்லை. துணை விமானி, பொறியாளர் இருவரும் ஆபத்தை முழுதாக உணரவில்லை, அல்லது அவர் மனதில் படும்படி சொல்லவில்லை என்பதையும் துணைக் காரணமாகச் சேர்த்தது. விமானிகள் குழுவாகப் பேசிப் பழகும் பயிற்சியை யுனைடெட் நிறுவனம் 1981-இல் தொடங்கியதற்கு இந்த விபத்து ஒரு பெரிய காரணம்.

பொறியாளர் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை என்பதைப் பாருங்கள். சொன்னார், விழ வேண்டிய காதில் விழவில்லை. அதனால் கலைச்சொல்லும் கேட்பவர் பக்கம் நிற்க வேண்டும் என்பது என் கட்சி. வள்ளுவரிடமே போவதென்றால் இறைமாட்சிக்குப் போவோம்:

செவிகைப்பச் சொற்பொறுக்கும் பண்புடை வேந்தன்
கவிகைக்கீழ்த் தங்கும் உலகு (389)

காது கசந்தாலும் சொல்லைப் பொறுப்பவன். அந்தச் ‘சொற்பொறுக்கும் பண்’பைச் சுருக்கி சொற்பொறை என்கிறேன். வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: “இந்த வார்டில் சொற்பொறை குறைவு.” “சொற்பொறை உள்ள குழுவில் பிழைகள் அதிகம் பதிவாகும்.” இரண்டும் உறுத்தாமல் போகின்றன. இரண்டாவது வாக்கியம் வெறும் உதாரணமும் இல்லை. மருந்துப் பிழைகள் பற்றிய எட்மண்ட்சனின் முந்தைய ஆய்வில், நல்ல குழு என்று பெயரெடுத்த பிரிவுகளில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தன. அங்கே மறைக்க வேண்டிய அவசியம் இல்லை என்பது அவர் கண்ட விளக்கம்.

> பொறை என்றால் சுமையும்தானே? ‘நிலக்குப் பொறை’ என்று அதே வள்ளுவர்தான் சொல்கிறார்.

உண்மைதான். ஆனால் ‘பொறையுடைமை’யை யாரும் சுமையுடைமை என்று படிப்பதில்லை. புழக்கத்தில் தெளிந்துவிடும்.

> அரசன் பெரிய மனசு பண்ணிக் கேட்டுக்கொள்கிற தொனி வருகிறது. சம நிலையில் இருக்கும் இரண்டு செவிலியர்களுக்கு இது எப்படி?

இந்த ஆட்சேபணைக்குத்தான் என்னிடம் முழுப் பதில் இல்லை. பொறுத்தல் என்றாலே எதிரே வருவது கசப்பு என்று ஆகிவிடுகிறது. ஒரு சாதாரண சந்தேகத்தைக் கேட்பதில் என்ன கசப்பு? ஆனாலும் மருத்துவமனையில் படிநிலை என்பது நிஜம். சொல் அதை மறைக்காமல் இருப்பது ஒருவகையில் நல்லது என்றே தோன்றுகிறது.

தலைப்புக்கும் சொல்லடைவுக்கும் சொற்பொறை போதும். குழுவினரிடம் கொடுக்கும் வினாத்தாளில் கலைச்சொல்லே வேண்டாம், பேச்சு வழக்கு நம்மைவிட நன்றாகவே செய்கிறது. ஒரு குழுவில் இது எவ்வளவு இருக்கிறது என்று அளக்க எட்மண்ட்சன் வைத்த ஏழு வினாக்களில் முதலாவதை இப்படி எழுதியிருக்கிறேன்: “இந்தக் குழுவில் தப்பு செய்துவிட்டால் அதையே சொல்லிச் சொல்லிக் காட்டுவார்கள்.” படித்துக் காட்டிய செவிலியர் ஒருவர் விளக்கம் எதுவும் கேட்கவில்லை, சிரித்தார்.

எதிர்ச்சொல் ஒன்றும் வேண்டும். ‘சொற்பொறாமை’ என்று போட்டால் பொறாமை வந்து ஒட்டிக்கொள்கிறது. ‘சொற்பொறையின்மை’ நீளம். யாருக்காவது குட்டையாக ஏதாவது தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்றைக்குக் கையேடு அச்சுக்குப் போகிறது.