ஜெனரிக் கிளாஸால் ஜாவாசி ஸ்டாக் ஓவர்ஃப்ளோ: எந்த ஃபைல் என்று பிடிப்பது எப்படி?

வேளிமலை (கேள்வி)

குலசேகரத்தில் ஒரு ரப்பர் கடைக்கான பில்லிங் புரோகிராம். ஷீட், ஒட்டுப்பால், ரப்பர்பால் மூணுக்கும் தனித்தனி கிளாஸ். ஷீட் கட்டுகளைத் தரம்பிரிக்க ஜெனரிக்ஸ் (டைப்பையே பாராமீட்டரா வாங்குற கிளாஸ்) போட்டிருக்கு. நேற்றைய மாற்றத்துக்குப் பிறகு கம்பைல் ஆகும்போதே ஜாவாசி (ஜாவா கம்பைலர்) செத்துப்போகுது: ரிசோர்ஸ் தீர்ந்துபோச்சு என்று ஒரு செய்தி, கீழே ஸ்டாக் ஓவர்ஃப்ளோ எரர் (ஒன்றையொன்று கூப்பிடும் மெத்தட்களுக்கான ஸ்டாக் மெமரி நிரம்பிப்போச்சு), முடியும்போது தரும் எக்ஸிட் கோடு 3. ட்ரேஸ் (எது எதைக் கூப்பிட்டது என்ற பட்டியல்) முழுக்க கம்பைலரோட சொந்த மெத்தட்களான ஐஸ்சப்டைப், கன்டெயின்ஸ்டைப், கன்டெயின்ஸ்டைப்ரிகர்சிவ் மூணும் மாறி மாறி வருது. எங்க ஃபைல் பேர் ஒரு இடத்திலும் இல்லை. ஜேடிகே (ஜாவா டெவலப்மென்ட் கிட்) 17, 21 ரெண்டிலும் இதே கதை. பில்ட் பண்ணுறது மேவன் கருவியில், கெட்டர் மாதிரி கோடைத் தானே எழுதித்தரும் லாம்பாக் லைப்ரரி உண்டு, சுமார் 200 ஃபைல். எதில் கோளாறுன்னு எப்படிப் பிடிக்கது?

திருவட்டாறு

முதல்ல அந்தக் கோடு 3ஐப் பாத்துக்கிடுங்க. ஸ்டாக்கோ மெமரியோ தீர்ந்தா 3. கம்பைலருக்குள்ளேயே எதிர்பாராத எக்ஸெப்ஷன் வந்தா 4. அதுல பக் ரிப்போர்ட் போடச்சொல்லி ஜாவாசியே எழுதும். உங்களுது 3. அதனால ஸ்டாக் பத்தாத நீளமான வேலையா, முடிவே இல்லாத வேலையாங்கிறதுதான் கேள்வி.

மேவனைக் கொஞ்சம் ஒதுக்கிவச்சு ஜாவாசியை நேரா ஓட்டுங்க. ஜாவா ஃபைல் பேரையெல்லாம் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதி, முன்னால @ போட்டுக் கொடுத்தா போதும். கிளாஸ்பாத்தை (லைப்ரரிகள் இருக்கிற இடங்களோட பட்டியல்) மேவனோட டிபென்டன்சி:பில்ட்-கிளாஸ்பாத் எடுத்துத் தரும். கூடவே -வெர்போஸ் போட்டு வெளியீட்டை ஒரு ஃபைலுக்குத் திருப்புங்க. லோடிங் வரிகள் ஆயிரக்கணக்குல கொட்டும், அதையெல்லாம் விட்ருங்க. ஒவ்வொரு கிளாஸையும் சரிபார்க்கத் தொடங்கும்போது சதுர அடைப்புக்குறிக்குள்ள 'செக்கிங்'னு ஒரு வரி வரும். சாகுறதுக்கு முன்னால கடைசியா வந்த 'செக்கிங்' வரியில இருக்கிற கிளாஸ்தான் ஆளு.

ட்ரேஸ்ல ஃபைல் பேர் வராததுக்கும் காரணம் உண்டு. ஜாவாவை ஓட்டுற ஜேவிஎம் இயல்பா உள்பக்கத்து 1024 ஃபிரேமை (ஒரு மெத்தட் அழைப்புக்கு ஒரு ஃபிரேம்) மட்டும்தான் வச்சிருக்கும். தொடங்கின இடம் அதுக்கும் வெளியே போயிரும். மேக்ஸ்ஜாவாஸ்டாக்ட்ரேஸ்டெப்த்ங்கிற ஜேவிஎம் அமைப்பை ஒரு லட்சமா கூட்டினா அடியில விசிட்ரிட்டர்ன், விசிட்வார்டெஃப் மாதிரி ஏதாவது தெரியும். ரிட்டர்ன் வரியா, வேரியபிள் அறிவிப்பாங்கிறதாவது பிடிபடும்.

ஆரல்வாய்

ஸ்டாக்கைக் கூட்டினா போச்சு, இதுக்குப் போய் இவ்வளவா? லினக்ஸ் எக்ஸ்64ல இயல்பு 1 எம்பிதான். நேரா ஓட்டும்போது -ஜே-எக்ஸ்எஸ்எஸ்64எம், அதாவது ஸ்டாக் 64 எம்பி. மேவன்லன்னா .எம்விஎன் ஃபோல்டருக்குள்ள ஜேவிஎம்.கான்ஃபிக் ஃபைல்ல -எக்ஸ்எஸ்எஸ்64எம், இது மேவன் 3.3.1 முதல் நடக்கும். மேவனுக்குப் பதிலா கிரேடில்ங்கிற பில்ட் கருவின்னா ஆர்ஜி.கிரேடில்.ஜேவிஎம்ஆர்க்ஸ்.

வேளிமலை

64 எம்பி கொடுத்தும் அதே சாவு, கொஞ்சம் தாமதமா. 'செக்கிங்' வழியில் ஃபைல் கிடைச்சுட்டு. பேர்களைத் தமிழ்ல மாத்திப் போடுகேன்:

கிளாஸ் கட்டு<டி> எக்ஸ்டெண்ட்ஸ் தரம்<தரம்<? சூப்பர் கட்டு<கட்டு<டி>>>>

கட்டுக்குள் கட்டு என்பது லாரி லோடுக்காகச் சேர்த்தது. சாகிற மெத்தட் கட்டு<ஷீட்> ஒன்றை வாங்கி, தரம்<? சூப்பர் கட்டு<ஷீட்>> என்று ரிட்டர்ன் பண்ணுது.

திருவட்டாறு

கிடைச்சாச்சு. 64 இல்லை, 640 கொடுத்தாலும் நிக்காது. கம்பைலர் என்ன கேக்குதுன்னு கையாலேயே போட்டுப் பாருங்க.

முதல் கேள்வி: கட்டு<ஷீட்> என்பது தரம்<? சூப்பர் கட்டு<ஷீட்>> வகையா? இடப்பக்கத்துப் பெற்றோர் தரம்<தரம்<? சூப்பர் கட்டு<கட்டு<ஷீட்>>>>. '? சூப்பர்'னா அந்த டைப் இல்லைன்னா அதோட பெற்றோர்னு அர்த்தம். ரெண்டு பக்கமும் வெளித் தரத்தை உரிச்சா, சூப்பர் இருக்கதால திசை திரும்பும். இப்போ கேள்வி: கட்டு<ஷீட்> என்பது தரம்<? சூப்பர் கட்டு<கட்டு<ஷீட்>>> வகையா? திரும்ப உரிச்சா: கட்டு<கட்டு<ஷீட்>> என்பது அதே தரம்<? சூப்பர் கட்டு<கட்டு<ஷீட்>>> வகையா? ஒரு படியில வலப்பக்கம் ஒரு கட்டு கூடுது, அடுத்த படியில இடப்பக்கம். எங்கயும் முடியாது.

ஒரே கேள்வி ரெண்டாவது தடவை வந்தா ஜாவாசிக்குத் தெரியும். கன்டெயின்ஸ்டைப்ரிகர்சிவ் பார்த்த ஜோடிகளைக் குறிச்சுவச்சு அந்தச் சுழலை வெட்டிவிடும். இங்க ஒவ்வொரு ஜோடியும் புதுசு, அதனால குறிப்புல சிக்காது. ஆண்ட்ரூ கென்னடி, பெஞ்சமின் பியர்ஸ்ங்கிற ஆய்வாளர்கள் ரெண்டு பேரும் 2007ல காட்டின அதே வடிவம் இது. ஜாவா ஜெனரிக்ஸின் சப்டைப்பிங் (ஒரு டைப் இன்னொண்ணோட வகையாங்கிற சோதனை) டூரிங் முழுமை உடையது, அதாவது எந்தக் கணக்கீட்டையும் அதுக்குள்ள எழுதிடலாம்னு ராடு கிரிகோரேங்கிற ஆய்வாளர் 2017ல நிறுவினார். எல்லாத்தையும் முடித்துக்காட்டுற பொதுவழி கம்பைலருக்கு இல்லை. மைக்ரோசாஃப்ட் டாட்நெட்டின் ஈசிஎம்ஏ-335 தரநிலை இப்படி விரிஞ்சுபோற மரபுரிமையை நேரடியா தடுக்கு, ஜாவா தடுக்கல்ல. அதனால ஜேடிகே மாத்தி மாத்திப் போடுறது வெட்டிவேலை.

கெடுக்கது ரெண்டு விஷயம் சேர்ந்து: எக்ஸ்டெண்ட்ஸ் பக்கத்துல '? சூப்பர்' இருக்கது, அங்கேயே டி என்பது கட்டு<டி>யா வளர்றது. எக்ஸ்டெண்ட்ஸுக்குப் பின்னால வைல்டுகார்டே (அந்த '?') வேண்டாம். உங்களுக்கு அந்த மரபுரிமையே தேவையில்லைன்னுதான் தோணுது. கட்டு என்பது ஒரு தரம் இல்லை, கட்டுக்கு ஒரு தரம் உண்டு, அவ்வளவுதான். தரத்தை ஒரு ஃபீல்டா வச்சு மெத்தட்ல எடுங்க.

ஆரல்வாய்

சரிதான், இந்த வடிவத்துக்கு ஸ்டாக் உதவாது. ஆனா ஆயிரக்கணக்கான + போட்டு ஒட்டின ஸ்டிரிங், நூத்துக்கணக்கில் நீளுற பில்டர் சங்கிலி (ஒரு மெத்தட் அழைப்போட வாலில் அடுத்தது) இதுகளுக்கு -எக்ஸ்எஸ்எஸ் கேக்கும். 8 எம்பி, 64 எம்பி ரெண்டும் போட்டுப் பார்த்து ரெண்டிலும் செத்தா முடிவில்லாததா இருக்கத்தான் வாய்ப்பு.

வேளிமலை

எக்ஸ்டெண்ட்ஸை எடுத்து ஃபீல்டாக்கியாச்சு, கம்பைல் ஆகுது. ஒரு சந்தேகம்: ஷீட்டுக்கும் ஒட்டுப்பாலுக்கும் பொதுவா சரக்கு என்று பெற்றோர் கிளாஸ் இருக்கு. சரக்குக்கு எழுதின தரத்தை ஷீட் கட்டுக்கும் கொடுக்கணும். அந்த '? சூப்பர்' இப்போ எங்க போகணும்?

திருவட்டாறு

வாங்குற இடத்துல. கன்ஸ்ட்ரக்டர் பாராமீட்டரும் ஃபீல்டும் தரம்<? சூப்பர் டி>, டிக்கு மேல வேற ஒண்ணும் சுத்தாதீங்க. ஜாவா லிஸ்டோட சார்ட் கூட ரெண்டை ஒப்பிடுற கம்பேரேட்டரை கம்பேரேட்டர்<? சூப்பர் ஈ>ன்னுதான் வாங்குது. லாரி லோடுக்கு கட்டு<கட்டு<ஷீட்>> அப்படியே இருக்கலாம், அது வேரியபிளோட டைப்பா இருக்க வரைக்கும் பிரச்சினை இல்லை.

லாம்பாக்கை இதுல சந்தேகப்பட வேண்டாம். சரிபார்க்கணும்னா கட்டு, தரம், ஷீட் மூணை மட்டும் கெட்டர் கையால எழுதித் தனி ஃபோல்டர்ல போட்டு, -ப்ராக்:நன் (லாம்பாக் மாதிரி அன்னோடேஷன் ப்ராசஸரை நிறுத்துறது) கொடுத்து ஓட்டுங்க. புராஜெக்ட் முழுசுக்கும் போட்டா கெட்டர் காணோம்னு எரர் மழையா கொட்டும், கேட்டீங்களா.