அட்டோன்மென்ட்: ஒரு சிறுகோடு போட்டுப் பார்ப்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

அட்டோன்மென்ட் (atonement) என்ற ஆங்கிலக் கிறித்தவச் சொல்லுக்குத் தமிழில் ‘பரிகாரம்’ போதும் என்று இங்கே சிலர் எழுதியிருந்தார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கேரள எல்லையை ஒட்டிய எங்கள் களியக்காவிளைப் பக்கம் பரிகாரம் என்றால் ஜோசியர்தான் நினைவுக்கு வருவார்.

சொல்லை அட்-ஒன்-மென்ட் என்று பிரித்துப் பாருங்கள். ‘ஒன்றாக இருத்தல்’ என்ற சாதாரண ஆங்கிலப் பேச்சில் பிறந்தது. விகுதி மட்டும் பிரெஞ்சு வழி வந்தது. ‘ஒன்’ என்பதை அந்தக் காலத்தில் ‘ஓன்’ என்றே சொன்னார்கள். அலோன், ஓன்லி என்ற சொற்களிலும் அந்த ஒலி மிஞ்சியிருக்கிறது. வேதாகமத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த வில்லியம் டின்டேல் 1526இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டில் ரோமர் 5:11இல் இந்தச் சொல்லை வைத்தார். 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பும் அதையே வைத்துக்கொண்டது. அதன் 1881 திருத்தத்தில் அந்த இடத்துக்கு ரிகன்சிலியேஷன் (மறுபடி இணங்குதல்) வந்தது. ஆக, பிணங்கியவர்கள் சேர்வதுதான் அடிப்பொருள்.

அதே வசனத்தில் மலையாள வேதாகமம் ‘நிரப்பு’ என்கிறது. மேடுபள்ளம் இல்லாமல் சமமாவது. எவ்வளவு அழகான சொல்! ஆனால் திருச்சிக்காரரோ மதுரைக்காரரோ குடத்தை நிரப்புவதைத்தான் நினைப்பார். போதாததற்கு, குறள் 1048இல் நிரப்பு என்றால் வறுமை. மனசில்லாமல்தான் அதை விடுகிறேன்.

தமிழ் வேதாகமத்தில் ‘ஒப்புரவாகுதல்’ இருக்கிறது. குறளின் 22ஆம் அதிகாரத்தில் ஒப்புரவு ஊருக்கு உதவி வாழும் பண்பு. கிறித்தவ சபையில் அது பிணக்குத் தீர்வது. இரண்டிலும் ‘ஒப்பு’ உண்டு. அப்புறம் என்ன குறை?

என் அப்பாவும் சித்தப்பாவும் ஒரு வரப்புத் தகராறில் நாலு வருஷம் மிண்டாமல் (பேசாமல்) இருந்தார்கள். சித்தப்பா எங்கள் தென்னை ஒன்றை வெட்டிவிட்டார். ஒருநாள் காலையில் இரண்டு தென்னம்பிள்ளைகளோடு வந்து, அதே இடத்தில் அவரே குழி தோண்டி நட்டார். அன்று மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். ராசியாகிவிட்டார்கள் என்று ஊர் சொன்னது. தென்னம்பிள்ளை ஈடு, சேர்ந்து உண்டது ஒப்புரவு. அட்டோன்மென்டில் இரண்டும் வேண்டும். ஒப்புரவு என்று மட்டும் சொன்னால் ஈடு விட்டுப்போகிறது.

அதனால் ‘ஒப்புரவு-ஈடு’ என்று முன்மொழிகிறேன். விளக்கம்: தவறு செய்தவரோ, அவருக்காக வேறொருவரோ ஈடு செலுத்த, அதனால் பிணக்குத் தீர்ந்து இரு தரப்பும் ஒன்றாதல். ‘அவருக்காக வேறொருவர்’ என்பதை விட்டுவிட்டால் கிறித்தவப் பொருளே போய்விடும்.

சிறுகோடு கட்டாயம் வேண்டும். சேர்த்து எழுதினால் ‘ஒப்புரவீடு’. அதை ஒப்புர-வீடு என்று பிரித்து வாசிப்பார்கள். வீடு என்றால் நம் மரபில் மோட்சம், குழப்பம் இன்னும் கூடும்.

ஒருமைப்பாடு பொருளில் நெருக்கம்தான், ஆனால் அதைத் தேசியத்துக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. புறநானூற்றுக் ‘கழுவாய்’ பிராயச்சித்தத்துக்கே இருக்கட்டும். குற்றத்தைக் கழுவுவதோடு அது நின்றுவிடுகிறது. பழைய ஏற்பாட்டு லேவியராகமத்தின் ‘பாவநிவிர்த்தி’யையும் தொட வேண்டாம், அங்கே பேச்சு பலியைப் பற்றியது.