கிணத்து மோட்டர் கொன்ட்ரோலர் 300 போட்: அசெம்பிளியை வெளியில குடுக்கிறது எப்பிடி?

வடலி:
கிணத்தில தண்ணி வத்தினா மோட்டரை நிப்பாட்டுற கொன்ட்ரோலர். கரன்ட் குறையிறதை வச்சுத்தான் பிடிக்குது. சர்க்கிட் போட் 80×60 மிமீ, பாட்ஸ் 42, கூடுதலா 0603 சைஸ் (1.6×0.8 மிமீ). அதோட மைக்ரோகொன்ட்ரோலர், மோட்டரைப் போட்டு நிப்பாட்டுற 30 அம்பியர் ரிலே, வயர் மாட்டுற ரெர்மினல். கையால ஒட்டின 20உம் சரியா வேலை செய்யுது. இப்ப 300 வேணும், கொழும்பில குடுக்க யோசினை. கேர்பர் ஃபைலும் (போட்டின்ர வரைபடம்) பாட்ஸ் லிஸ்ற்றும் காணுமோ? சாமானை ஆர் வாங்கிறது?

சோல்டர்கம்பி:
காணாது தம்பி. பாட்ஸை எடுத்து வைக்கிற மெஷினுக்குப் பிக் அண்ட் பிளேஸ் ஃபைல் வேணும்: எந்தப் பாட்ஸ் எங்க, எத்தினை பாகை திரும்பி இருக்கோணும் எண்டது. கூடச் சறுக்கிறது இதிலதான். டிசைன் சொஃப்ட்வெயர் 0 பாகை எண்டு வச்சிருக்கிறதும் ரேப் சுத்தின ரீலில பாட்ஸ் படுத்திருக்கிற பக்கமும் ஒண்டா இருக்குமெண்டில்லை. ஒரு டயோட் 180 பாகை மாறினா 300 போட்டிலயும் மாறித்தான் வரும். அதால டயோட், எல்ஈடி கதோட் (மைனஸ்) பக்கம், ஐசியின்ர முதலாம் கால் எல்லாம் பெரிசாக் குறிச்ச படம் ஒண்டையும் சேத்து அனுப்புங்கோ. முதல் 5 போட்டோட நிப்பாட்டச் சொல்லி, அதைப் பாத்து ஓம் எண்ட பிறகு மிச்சம்.

போட்டை ஆறாறாச் சேத்து 2×3 பனலா அடியுங்கோ, 50 பனல் வரும். எதிரெதிர் இரண்டு பக்கத்தில 5 மிமீ வெறும் விளிம்பு, மூலையளில மெஷின் கமரா இடம் பிடிக்க 1 மிமீ ஃபிடூசியல் புள்ளி. போட்டுகளைப் பிரிக்கக் கீறுற வி-கட் கோட்டுக்குக் கிட்ட செராமிக் கப்பாசிற்றர் வைக்காதேங்கோ. பனலை உடைக்கேக்க வளைஞ்சு வெடிக்கும், வெடிப்பு வெளியில தெரியாது, பிறகு ஒருநாள் ஷோட் ஆகும். 5 மிமீ தள்ளி, கோட்டுக்குச் சமாந்தரமா வையுங்கோ.

கோண்டாவில்சந்தி:
ரெசிஸ்ரர், கப்பாசிற்றரை அசெம்பிளி செய்யிறவையே வாங்கட்டும். மைக்ரோகொன்ட்ரோலர், ரிலே, ரெர்மினல் நீங்கள். லிஸ்ற்றில "10 மைக்ரோ" எண்டு மட்டும் போட்டா மலிவான வை5வி வகைக் கப்பாசிற்றர் வந்து சேரும். வோல்ற்றும் வெக்கையும் ஏற அதின்ர கொள்ளளவு அரைவாசிக்கும் கீழ போகும். "10 மைக்ரோ, 25 வோல்ற், எக்ஸ்7ஆர், 1206" எண்டு வகை, சைஸோட முழுசா எழுதுங்கோ. கேக்காம மாத்தக்கூடாது எண்டதையும் ஓடரில போடுங்கோ.

நீங்கள் குடுக்கிற சாமான் 300க்கு 300 எண்டா காணாது. மெஷினுக்கு ரேப்பை ஊட்டுற ஃபீடர் கொஞ்சம் தின்னும், ஐசியில ஒரு 5, 6 கூட வையுங்கோ. ரேப்பைத் துண்டு துண்டா வெட்டக்கூடாது, முன்னால ஒரு அடிக்கு மேல வெறும் ரேப் இருக்கோணும். ஐசி எம்எஸ்எல் (ஈரம் தாங்கிற தரம்) 3 எண்டா பை திறந்தாப் பிறகு 168 மணித்தியாலம்தான். எண்ணிப் பாக்கிறன் எண்டு எங்கட புழுக்கத்தில திறந்து வச்சா, உள்ளுக்குப் போன ஈரம் சோல்டர் உருக்கிற ஓவனில ஆவியாகி ஐசி வெடிக்கும். ரீலோட வச்சு 125 பாகையில காய வைக்கவும் ஏலாது, பிளாஸ்ரிக் நெளிஞ்சு போகும்.

வடலி:
ரிலே, ரெர்மினலை நாங்களே இஞ்ச ஒட்டினா மலிவுதானே? ரெஸ்ற் பண்ணுறது?

சோல்டர்கம்பி:
மலிவுதான், ஒட்டுங்கோ. ஆனா ஒட்டினாப் பிறகு போட்டைக் கழுவுறதெண்டா சீல் பண்ணின ரிலே வேணும். இல்லாட்டி சோல்டரோட வாற ஃபிளக்ஸ் கரைஞ்சு உள்ளுக்குப் போய்க் கொன்ராக்டில படியும். உப்புக் காத்துக்குக் கோட்டிங் அடிக்கேக்க ரெர்மினலை மூடி அடியுங்கோ. கோட்டிங்கை நம்பி 230 வோல்ற் பாதையின்ர இடைவெளியைக் குறைக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

ரெஸ்ற்றுக்குப் பொகோ பின் (ஸ்பிரிங் ஊசி) வச்ச ஜிக் ஒண்டு, போட்டை அதில வச்சுச் சோதிக்க. 1000 வாட் ஹீற்றர் 4.3 அம்பியர் எடுக்கும், ரிலே ஓனிலயே இருக்கோணும். 500 வாட்டுக்கு மாத்தினா 2.2 அம்பியர், ரிலே ஓஃப் ஆகோணும். உங்கட மோட்டர் அளவுக்கு வாட்டைக் கூட்டிக் குறையுங்கோ. ஹீற்றரில மோட்டரின்ர ஸ்ராட்டிங் கரன்ட் வராது; அதால பத்துக்கு ஒண்டை மோட்டரில மாட்டி, திரும்பத் திரும்பப் போட்டு நிப்பாட்டிப் பாருங்கோ.

கோண்டாவில்சந்தி:
ஓடரில இன்னும் ரெண்டு: சோல்டர் ஐபிசி-ஏ-610 எண்ட தர விதியில கிளாஸ் 2, ஜிக் ரெஸ்ற்றில பெயிலான போட்டை ஆர் செலவில திருத்துறது. பஸ்ஸில பார்சல் வாறதெண்டா ஒவ்வொண்டும் அன்ரிஸ்ரற்றிக் பையில வரோணும். ஒண்டுக்கு மேல ஒண்டை வெறுமனே அடுக்கினா, பாட்ஸ் பாதி பெட்டிக்குள்ளதான் கிடக்கும்.