தறி மிதித்துக் கணுக்கால் வலி: வேலையை விடாமல் சரிசெய்ய வழி இருக்கா?

கொண்டலாம்பட்டி நெசவாளி:
குழித்தறியில் வெண்பட்டு வேட்டி நெய்கிறேன். வலது கணுக்காலின் உட்புறம், புடைத்து நிற்கும் எலும்புக்குப் பின்னால் வலி. காலையில் குழிக்குள் இறங்கி மிதிக்க ஆரம்பித்ததும் கடுக்கிறது, போகப்போகக் குறைகிறது, சாயங்காலம் மாடிப்படி ஏறும்போது மறுபடி பிடிக்கிறது. விழவில்லை, சுளுக்கவும் இல்லை. வலி மாத்திரை போட்டால் அன்றைக்கு மட்டும் சும்மா இருக்கிறது. பாவு பாதியில் நிற்கிறது, தறியை நிறுத்த முடியாது. மூட்டுத் தேய்மானமா?

இயன்முறை மருத்துவர், ஏற்காடு:
அண்ணா, காலைத் தொட்டுப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொல்வது தேய்மானத்தைவிடத் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) வலி போலத்தான் இருக்கிறது. கெண்டைக்காலிலிருந்து இறங்கும் ஒரு தசைநாண் அந்த எலும்புக்குப் பின்னால் வளைந்து பாதத்துக்குள் போகிறது. உள்ளங்கால் வளைவை முக்கியமாகத் தாங்குவது அதுதான். ஒவ்வொரு மிதிக்கும் அது இழுபடுகிறது. ராத்திரியில் ஆறுவதைவிடப் பகலில் படும் பாடு அதிகமானால் வலி நிலைத்துவிடும். முழுசாக ஓய்வெடுத்தால் அது இன்னும் பலவீனமாகும், திரும்பத் தறியில் உட்கார்ந்ததும் வலி வரும். அதனால் சுமையைக் குறையுங்கள். அரை மணிக்கொரு தரம் குழியை விட்டு ஏறிக் கொஞ்சம் நடங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் மெதுவாகத் தூக்கி, அதைவிட மெதுவாக இறக்குங்கள். 10 முதல் 15 தடவை, 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் கூடுதலாகக் கடுத்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். பலன் தெரிய 6 முதல் 12 வாரம்கூட ஆகும். மாத்திரையை நாள்கணக்கில் போடாதீர்கள், வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல்.

அம்மாபேட்டை அக்கா:
தம்பி, மிதிகட்டை தொங்கும் கயிற்றைக் கொஞ்சம் சுருக்கிக் கட்டிப் பாருங்க. மிதி தாழ்ந்து கிடந்தால் நுனிக்காலால் எக்கி எக்கி மிதிப்போம், பாரமெல்லாம் கணுக்காலுக்குத்தான். எனக்கு மிதி மேலே வந்து முழுப்பாதமும் படிந்த பிறகுதான் வலி விட்டது. சர்க்கரை இருந்தால் ஒத்தடம் கொடுக்குமுன் வெந்நீரின் சூட்டை வேறு யாராவது கையால் பார்க்கட்டும், காலுக்குச் சூடு தெரியாமல் போகலாம்.

கொண்டலாம்பட்டி நெசவாளி:
சர்க்கரை இல்லைங்க அக்கா. கயிற்றை இன்றைக்கே மாற்றுகிறேன். டாக்டர், ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்கிப் பார்த்தேன். இடது கால் வருது, வலது எழும்பவே இல்லை.

இயன்முறை மருத்துவர், ஏற்காடு:
அப்படியானால் தள்ளிப்போடாதீர்கள் அண்ணா. அந்தத் தசைநாண் தளர்ந்தால் உள்ளங்கால் தட்டையாகிவிடும். பார்த்து முடிக்கும்வரை பயிற்சியும் வேண்டாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். மிதிக்கும் வேலை என்பதை முதலிலேயே சொல்லுங்கள். அதற்குள் காலை ஊன்றவே முடியாமல் போனாலோ, வீக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே போய்விடுங்கள்.