வெளிச்சுவர்ப் புகைபோக்கியில் மினுங்கும் கிரியோசோட் (புகைத் தார்ப் படிவு): தூள் போட்டால் போகுமா, லைனர் போட வேண்டுமா?

குளிர்காற்று

வணக்கம். ஒன்ராறியோவில், பீற்றர்பரோவுக்கு வடக்கே ஒரு பழைய வீடு. செங்கல் புகைபோக்கி வெளிச்சுவரோடு ஒட்டி நிற்கிறது, மூன்று பக்கமும் குளிர். உள்ளே 8×12 அங்குலச் சுட்டமண் ஓடு, உலோக லைனர் (உட்குழாய்) இல்லை. கண்ணாடிக் கதவுள்ள இரும்பு விறகடுப்பு, புகைவாய் 6 அங்குலம். ஒற்றைச் சுவர்க் கறுப்புக் குழாய் 5 அடி மேலே போய், ஒரு முழங்கையால் திரும்பிச் சுவருக்குள் நுழைகிறது.

நவம்பர் நடுப்பகுதியிலிருந்து தினமும் எரிகிறது. இரவு 11 மணிக்கு நிரப்பிக் காற்றை முழுவதும் அடைத்தால் காலை 6 மணிவரை தணல் கிடக்கும். ஆனால் கண்ணாடி ஒரே இரவில் கறுத்துவிடுகிறது. நேற்று அடியிலுள்ள துப்புரவுக் கதவைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஓட்டின்மேல் தார் பூசியதுபோல் கறுப்பாக மினுங்குகிறது, சுரண்டினால் வரவில்லை. முழங்கை மூட்டில் பழுப்பு நீர் வடிந்து காய்ந்த தடமும் இருக்கிறது.

கடையில் விற்கும் தூளோ, கிரியோசோட் நீக்கும் கட்டையோ போட்டால் இது போகுமா? கம்பித் தூரிகையால் நானே தேய்க்கலாமா? திரும்ப வராமலிருக்க எதை மாற்ற வேண்டும்?

தணல்

முதலில் அடுப்பை நிறுத்துங்கள். இன்றிரவும் மூட்ட வேண்டாம். நீங்கள் சொல்வது கிரியோசோட்டின் மூன்றாம் நிலை. முதல் நிலை கரித்தூள், தூரிகை பட்டாலே உதிரும். இரண்டாம் நிலை மொறுமொறுப்பான கறுப்புச் செதில், அதையும் விறைப்பான தூரிகையால் எடுத்துவிடலாம். மூன்றாம் நிலை உருகி இறுகிய பூச்சு. தூரிகை அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகுமே தவிரப் பெயர்க்காது. தீப்பிடித்தால் மிக நெடுநேரம் எரிவதும் இதுதான். கரித்தூள் 3 மில்லிமீற்றர் தடித்தால் துப்புரவு செய் என்பது பொது அளவு. மினுங்கும் பூச்சுக்கு அந்த அளவு பொருந்தாது, எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் எடுத்தாக வேண்டும்.

உங்கள் வீட்டில் மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. விறகு முழுதாக எரியாதபோது தார் ஆவி நீராவியோடு கலந்து மேலே போகிறது. அந்தப் புகை சுமார் 120 பாகை செல்சியசுக்குக் கீழே ஆறினால் சுவரில் படியத் தொடங்கும். 6 அங்குல வட்டக் குழாயின் குறுக்குப் பரப்பு 28 சதுர அங்குலம். 8×12 ஓட்டின் உள்ளளவு ஏறத்தாழ 7×11, அதாவது 77. குழாயிலிருந்து ஓட்டுக்குள் புகுந்ததும் புகையின் வேகம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. மெதுவாக, அதுவும் குளிர்ந்த வெளிச்சுவருக்குள்ளே ஏறுகிறது. ஆறாமல் என்ன செய்யும்? போதாததற்கு, காற்றை முழுவதும் அடைத்து இரவு முழுக்க விறகைப் புகைய விடுகிறீர்கள்.

தூளையும் கட்டையையும் பற்றி: அவை படிவத்தை உலர்த்தி நொறுங்க வைக்கப் பார்க்கும். சூடான நெருப்பில், வாரக்கணக்கில் தொடர்ந்து பயன்படுத்தினால் ஓரளவு பலன் தரும். ஆனால் எதையும் வெளியே எடுக்காது, பிறகும் தூரிகை போட்டே ஆக வேண்டும். உங்களிடம் இருப்பதுபோன்ற பூச்சு உள்ள புகைபோக்கியில் அதற்காக அடுப்பை மூட்டுவதே ஆபத்து. உப்பு போடச் சொல்பவர்களும் உண்டு. தயவுசெய்து போடாதீர்கள், அது உலோகத்தை அரிக்கும்.

‘வெட்’ (WETT, விறகடுப்பும் புகைபோக்கியும் பரிசோதிப்பவர்களுக்குக் கனடாவில் கொடுப்பது) சான்றிதழ் உள்ள ஒருவரைக் கூப்பிடுங்கள். காப்புறுதி நிறுவனங்களும் பெரும்பாலும் அந்த அறிக்கையைத்தான் கேட்கும். சுழலும் சங்கிலியாலோ, பூச்சை உறிஞ்சி எடுக்கும் இரசாயனப் பசையாலோ அவர்கள் அகற்றுவார்கள். சங்கிலி ஓட்டை வெடிக்க வைக்கக்கூடும், அதனால் முன்னும் பின்னும் கமரா இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதன்பின் 6 அங்குலத் துருப்பிடிக்காத எஃகு லைனர், அடுப்புவாயிலிருந்து உச்சிவரை, வெப்பக்காப்பு உறையோடு. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. 6 அங்குல லைனருக்கு அரை அங்குல உறை சுற்றினால் 7 அங்குலத்தைத் தாண்டிவிடும், உங்கள் ஓட்டுக்குள் இறங்காது. ஓட்டை உடைத்து எடுக்க வேண்டும், அல்லது அதே பரப்புள்ள நீள்வட்ட லைனர் போட வேண்டும். ‘உறை இல்லாமலே இறக்கிவிடலாம்’ என்று யாராவது விலை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வெளிச்சுவர்ப் புகைபோக்கியில் உறையில்லாத லைனரும் குளிர்ந்துதான் கிடக்கும். பழைய பூச்சை அகற்றாமல் அதன்மேல் லைனர் இறக்கவும் கூடாது.

மூட்டில் நீர் வடிவதற்குக் குழாயைத் தலைகீழாகப் பொருத்தியதும் காரணமாக இருக்கலாம். நெளித்த முனை அடுப்பைப் பார்த்துக் கீழ்நோக்கி இருக்க வேண்டும், அப்போது வடிவது குழாய்க்குள்ளேயே இறங்கி எரிந்துபோகும். ஒவ்வொரு மூட்டிலும் மூன்று திருகாணி வேண்டும். கிடையாகப் போகும் பகுதி மீற்றருக்கு 20 மில்லிமீற்றராவது புகைபோக்கியை நோக்கி ஏற வேண்டும்.

ஊர்க்குருவி

தணல் சொன்னது சரி. ஆனா விறகைப் பற்றி நீங்கள் ஒண்டும் எழுதேல்லை. என்ன மரம், எப்ப கொத்தினது, ஈரப்பத மீற்றர் வைச்சுப் பாத்தனீங்களோ?

‘காய்ஞ்ச விறகு’ எண்டு விக்கிறவை சொல்லுற சொல்லை நம்பி எரிக்க வேண்டாம். ரெண்டு ஊசி உள்ள ஈரப்பத மீற்றர் மலிவு. முனையிலையோ பட்டையிலையோ குத்தினால் எப்பவும் நல்ல இலக்கம்தான் காட்டும். விறகைப் பிளந்து, அந்தப் புது முகத்தின்ரை நடுவிலை, நாரோடை போற திசையிலை குத்த வேணும். மாரியிலை இன்னொரு கவனம்: வெளியிலை உறைஞ்சு கிடந்த விறகிலை குத்தினால் மீற்றர் பொய் சொல்லும். ஐஸ் மின்சாரம் கடத்தாது, அதாலை இலக்கம் குறைச்சுக் காட்டும். ஒரு நாள் வீட்டுக்குள்ளை வைச்சு, குளிர் போன பிறகு பிளந்து பாருங்கோ. 20 வீதத்துக்குக் கீழை இருந்தால் எரிக்கலாம். மீற்றரிலை 30 காட்டுற விறகு 10 கிலோ எடுத்தால் அதுக்குள்ளை 2.3 லீற்றர் தண்ணி கிடக்கு (மீற்றர் வீதத்தைத் தண்ணியில்லாத மரத்தின்ரை பாரத்துக்குத்தான் கணக்குப் பாக்கும்). அவ்வளவையும் ஆவியாக்கிப் போட்டுத்தான் நெருப்பு உங்களுக்குச் சூடு தரும்.

மேப்பிள், பேர்ச், ஆஷ் எண்டால் பிளந்து அடுக்கி ஒரு முழு வருசம். ஓக் ரெண்டு வருசம், அதிலை குறைக்க ஏலாது. மரகதத் துளைப்பான் வண்டு அடிச்சுச் செத்த ஆஷ் மரம் ஒன்ராறியோவிலை கனக்கக் கிடைக்குது. நிண்டபடி செத்த மரம்தானே, அப்பிடியே எரிக்கலாம் எண்டு சொல்லுவினம். மேல் கொப்பு காய்ஞ்சிருக்கும், அடிமரம் ஈரமாயிருக்கும். அதையும் அளந்துதான் பாக்க வேணும்.

3 தொடக்கம் 6 அங்குலத் தடிப்பிலை பிளவுங்கோ. நிலத்திலை படாமல் சட்டத்துக்கு மேலை, காத்தடிக்கிற இடத்திலை ஒற்றை வரிசையா அடுக்குங்கோ. மேலை மட்டும் மூடுங்கோ. தறப்பாளாலை நாலு பக்கமும் சுத்திக் கட்டினால் ஈரம் வெளியேறாமல் பூஞ்சணம் பிடிக்கும். பைன் எரிச்சால் கிரியோசோட் வரும் எண்டு சொல்லுற கதைக்குக் காது குடுக்காதேங்கோ. ஈரமான மேப்பிளை விடக் காய்ஞ்ச பைன் எவ்வளவோ திறம்.

குளிர்காற்று

நன்றி. அடுப்பை நிறுத்திவிட்டேன், மின்சூடாக்கியில் ஓடுகிறது. விறகு மேப்பிளும் ஓக்கும் கலந்தது, செப்டெம்பரில் ‘காய்ந்தது’ என்று வாங்கினது. ஊர்க்குருவி சொன்னபடி உள்ளே வைத்துப் பிளந்து அளந்தேன்: மேப்பிள் 24, 26. ஓக் 31, 33. குழாய் வெப்பமானி இதுவரை இல்லை. எங்கே ஒட்டுவது, எந்த இலக்கத்தில் வைத்திருப்பது? இரவில் காற்றை அடைக்காவிட்டால் மூன்று மணிக்கே அணைந்துவிடுமே?

தணல்

அந்த ஓக்கை இந்த மாரிக்கு மறந்துவிடுங்கள். மேப்பிளை அடுத்த மாரிக்கு வையுங்கள். லைனர் போட்டபின் இந்தப் பருவத்துக்கு உலைச்சூட்டில் உலர்த்திய விறகோ, ஒட்டுப்பொருள் சேர்க்காத மரத்தூள் அமுக்கிய கட்டையோ வாங்குவதுதான் வழி. அமுக்கிய கட்டை மிக உலர்ந்தது, வேகமாகப் பற்றும். முதலில் இரண்டு மூன்றாகப் போட்டுப் பழகுங்கள்.

காந்த வெப்பமானியை ஒற்றைச் சுவர்க் குழாயில், அடுப்புக்கு மேலே சுமார் 18 அங்குலத்தில் ஒட்டுங்கள். மேற்பரப்பு 120 முதல் 245 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். அநேக வெப்பமானிகளில் ஃபாரன்ஹீட்தான் இருக்கும், அதில் 250 முதல் 475. அதற்குக் கீழே கிரியோசோட் படியும். மேலே நெடுநேரம் நின்றால் குழாயும் அடுப்பும் பழுதாகும். இரட்டைச் சுவர்க் குழாயில் காந்தம் ஒட்டினால் வெளித்தோலின் சூட்டைத்தான் காட்டும். அதற்குத் துளையிட்டு உள்ளே இறக்கும் ஊசிவகை வேண்டும்.

மூட்டும் முறையை மாற்றுங்கள். பெரிய கட்டை அடியில், நடுத்தரம் அதன்மேல், சுள்ளிகள் பத்துப் பதினைந்து உச்சியில், தீ மேலிருந்து கீழே இறங்கட்டும். சுடர் தொடக்கத்திலேயே மேலே இருப்பதால் கீழிருந்து கிளம்பும் புகை அந்தச் சுடரைத் தாண்டும்போதே எரிந்துவிடும், புகைபோக்கியும் சீக்கிரம் சூடாகும். காற்றை முழுவதும் திறந்து 15, 20 நிமிடம் விடுங்கள்.

இரவுக்கு: படுக்கப்போகும் கடைசி நிமிடத்தில் நிரப்பி அடைப்பதுதான் கண்ணாடியைக் கறுப்பாக்கியது. ஒரு மணி நேரம் முன்னரே நிரப்புங்கள். தணலை முன்பக்கம் இழுத்து, பெரிய கட்டைகளைப் பின்னால் நெருக்கி அடுக்குங்கள். இடைவெளி குறைந்தால் எரிவதும் மெதுவாகும். காற்றை முழுதாகத் திறந்து, கட்டைகளின் வெளிமுகம் எல்லாம் கரியாகும்வரை எரியவிட்டு, பிறகு கால் பங்கு, அரைப் பங்கு என்று படிப்படியாகக் குறையுங்கள். ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் காத்திருந்து பாருங்கள். சுடர் அணைந்து வெறும் புகை கிளம்பினால் அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டீர்கள், கொஞ்சம் திறவுங்கள். உங்கள் சிறிய அடுப்பு காலை 6 மணிவரை தாங்காமல் போகலாம். காலையில் குளிர்ந்த வீட்டில் எழுந்து திரும்ப மூட்டுவது, இரவு முழுக்கத் தார் காய்ச்சுவதைவிட எவ்வளவோ மேல்.

நீலமலை

துப்புரவு பற்றி யாரும் விரிவா எழுதலை, லைனர் போட்ட பிறகு உங்களுக்குத் தேவைப்படும்.

அடுப்பு முழுக்க ஆறி 24 மணி நேரமாவது ஆகணும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் லைனருக்கு 6 அங்குல நைலான் வகை பிரஷ்தான். சாதாரண இரும்புக் கம்பி பிரஷ் கீறிவிடும், கீறல்ல தங்குற இரும்புத் துகள் துருப்பிடிக்கும். சுட்டமண் ஓட்டுக்குத்தான் கம்பி பிரஷ். கூரை சரிவாவோ பனியாவோ இருந்தா ஏற வேண்டாம், ட்ரில்லில் மாட்டிக் கீழிருந்து மேலே ஏத்துற சுழல் பிரஷ் போதும். கம்பித் துண்டுகளைத் திருகித்தான் இணைப்பாங்க, அதனால வலப்பக்கம் மட்டும் சுத்தணும். ட்ரில் தவறுதலா எதிர்ப்பக்கம் சுத்தினா துண்டு கழண்டு நடுவிலேயே மாட்டிக்கும்.

அடுப்புக்கு உள்ளே மேல்பகுதியில் தடுப்புப் பலகை இருக்கும். அதைக் கழற்றாம மேலே இருந்து தள்ளினா கரியெல்லாம் அதன்மேல குவிஞ்சு புகைவழி அடைஞ்சு போகும். துப்புரவுக்கு அப்புறம் புகை அறைக்குள்ளே திரும்புதுன்னா முதல்ல பார்க்க வேண்டியது இதைத்தான். பலகை எளிதில் நொறுங்குற வகையா இருக்கலாம், கவனமா எடுங்க. உச்சித் தொப்பியில் வலை இருந்தா அதைத் தனியாச் சுரண்டணும். அங்கே காற்று மிகக் குளிர்ந்திருக்கும், அதனால முதல்ல அடைபடுறது அந்த வலைதான். வீட்டு வேக்குவம் கிளீனரில் கரியை இழுக்காதீங்க, நுண்தூள் வடிகட்டியைத் தாண்டி அறை முழுக்கப் பரவும். முகமூடி கட்டாயம்.

வேலை முடிஞ்சதும் கீழிருந்து கண்ணாடியும் டார்ச்சும் வச்சு உச்சிவரை வெளிச்சம் தெரியுதான்னு பாருங்க. புது லைனர்ங்கிறதால முதல் பருவம் நாலு வாரத்துக்கு ஒருமுறை பாருங்க. எவ்வளவு சேருதுன்னு தெரிஞ்சதும் இடைவெளியை நீட்டலாம். எப்படியும் வருஷத்துக்கு ஒரு முறை பரிசோதனை தவறக் கூடாது.

இங்கே கோத்தகிரிப் பக்கம் பழைய பங்களாக்கள்ல கதவில்லாத திறந்த கணப்பு. அதில் காற்று தாராளமாப் போறதால தார் அவ்வளவு சேராது. ஆனா மழைக்காலத்தில் ஈரமான சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) எரிச்சா அங்கேயும் இதே கதைதான். பல மாசம் மூட்டாம விட்டு டிசம்பர்ல திடீர்னு மூட்டும்போது, பறவைக் கூடு இருக்கான்னு முதல்ல பார்த்துடணும்.

ஊர்க்குருவி

ஒண்டு விட்டுப் போச்சு. புகைபோக்கிக்குள்ளை தீப்பிடிச்சால் தொடருந்து போறமாதிரி இரைச்சல் கேக்கும், குழாய் அதிரும், உச்சியாலை பொறி பறக்கும். உள்ளுக்கை 1100 பாகை வரைக்கும் போகலாம். உடனை எல்லாரையும் வெளியிலை அனுப்பி 911 அடியுங்கோ. போற வழியிலை ஏலுமெண்டால் மட்டும் அடுப்புக் கதவையும் காத்துவழியையும் இறுக்கி மூடுங்கோ. புகைபோக்கிக்குள்ளை தண்ணி ஊத்த வேண்டாம், சூடான ஓடு வெடிச்சுப் போகும், கொதிநீராவி உங்களிலை அடிக்கும்.

சில தீ சத்தமில்லாமல் மெல்ல எரிஞ்சு தானா அணைஞ்சு போகும், வீட்டுக்காரருக்கே தெரியாது. அடையாளம் என்னெண்டால் பொங்கின தேன்கூடு மாதிரிப் பாரமில்லாத சாம்பல் கட்டி, நிறம் மாறி வளைஞ்ச குழாய், கூரையிலை கிடக்கிற செதில், ஓட்டிலை வெடிப்பு. கமரா இறக்கேக்கை இதையும் பாக்கச் சொல்லுங்கோ, குளிர்காற்று. வெடிச்ச ஓட்டுக்குப் பின்னாலை மரச்சட்டம் இருந்தால் அடுத்த தீ அதிலைதான் பிடிக்கும். அறிக்கை கைக்கு வரும்வரை மூட்டாதேங்கோ.